கடுகு போன வீடு

மூணுதரம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. பிரேக்கை ஒரு தரம் பார்ப்பார். கதவை மூடிவிட்டு இன்னொரு தரம் பார்ப்பார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு படி இறங்கினவர், என்னமோ தொலைத்தவர் மாதிரி திரும்ப ஏறிவந்து மூன்றாம் தரமும் பார்ப்பார். வீட்டில் அடுப்பும் அதே பாடு, வாசல் பூட்டும் அதே பாடு. "என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் ஒரே தரம் பாத்துட்டு சரின்னுட்டீங்க" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் நாளெல்லாம் நூறு பேரைச் சமாளிக்கிறவள். வாயில் விழுந்தால் தப்பிக்க முடியாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு குதிரையை விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

குதிரை என்றால் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். மட்டக்குதிரை. அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். கருப்பும் பழுப்பும் கலந்த நிறம். குழந்தைகளை ஏற்றி மைதானத்தைச் சுற்றிவரும் சவாரிக்காரர் ஒருவர் தொழிலை விட்டபோது வாங்கியது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள்தான் அதற்குக் 'கடுகு' என்று பெயர் வைத்தாள். வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டி ஒன்றைத் தின்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

இப்போது மகளுக்குப் பதினைந்து. கடுகின் மேல் உட்கார்ந்தால் கால் தரையில் இழுபடும் என்பதால் ஏறுவதையே விட்டுவிட்டாள். பக்கத்தில் நடப்பாள், தேய்த்துவிடுவாள், பேசுவாள். இன்னும் பத்து வருஷம்கூட அப்படியே ஓடியிருக்கும். ஆனால் கடுகின் லாயம் நின்ற, வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனை இன்னொருவருடையது. அவர் அங்கே கட்டிடம் எழுப்பப் போகிறேன், மாசக் கடைசிக்குள் லாயத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், எட்டு வருஷம் சும்மா விட்டவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? கடுகை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? மூணுதரம் உண்மையிலேயே முன்னறையை நாடாவால் அளந்து பார்த்தார் என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்கிறாள்.

அவரைப் பிடித்து ஆட்டிய பயம் ஒன்றுதான். இது தப்பான கையில் போய்ச் சேர்ந்துவிட்டால்? தரகர் ஒருவர் செய்தி கேட்ட மறுநாளே வந்து நின்றார். "எனக்குக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். எங்கே போகும், யாரிடம் போகும் என்று கேட்டால் பல்லைக் குத்திக்கொண்டு சிரிப்புதான். அவர் போனபிறகு மகள் வாந்தி எடுத்தாள்.

மகளுக்கு அது புதிசில்லை. ஒன்றரை வருஷமாகவே அவளுக்கு வயிறு சரியில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்பாள். தட்டில் வைத்ததில் பாதியைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். மூணுதரம் சும்மா இருப்பாரா? மூன்று டாக்டர்களிடம் காட்டினார். ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார், ஒருவர் ஸ்கேன் எடுத்தார், மூன்றாமவர் பரீட்சை பயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நல்ல வீடாகப் பார்த்துத்தான் கொடுப்பது என்று அவர் ஒரு நோட்டு போட்டார். அதில் இருபத்தோரு கேள்வி. இடம் எவ்வளவு, நிழல் உண்டா, தண்ணீர் யார் வைப்பார், வெளியூர் போனால் யார் பார்ப்பார், வீட்டில் யாருக்காவது கோபம் அதிகமா, அதற்கு வயசாகி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள். வாங்க வந்தவர்களை முன்னறை நாற்காலியில் உட்காரவைத்து வரிசையாகக் கேட்டார். "பொண்ணு குடுக்கிற வீட்டுலகூட இவ்வளவு கேக்க மாட்டாங்க. வர்றவங்க ஓடிப்போயிடப் போறாங்க" என்றாள் மனைவி. ஓடித்தான் போனார்கள். இரண்டு பேர் பத்தாம் கேள்விக்குள் எழுந்து போனார்கள்.

ஒருவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். குதிரைச் சவாரி சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர். எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். கடுகைப் பார்க்கப் பின்பக்கம் போனபோது மகள் வழக்கம்போல அதன் வலது பக்கம் நின்று கயிற்றைப் பிடித்திருந்தாள். "ஏம்மா, எல்லாரும் இடது பக்கம்தானே நின்னு பிடிப்பாங்க?" என்று கேட்டபடி அவர் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். மகள் கடுகைச் சட்டென்று திருப்பி லாயத்துக்குள் கூட்டிப்போய்விட்டாள். "இவர் வேண்டாம்ப்பா" என்றாள் பிறகு. அவ்வளவு அழுத்தமாக அவள் எதையும் சொன்னதில்லை. மூணுதரத்துக்கும் அந்த மனிதர் வயசாகிவிட்டால் என்ற கேள்விக்கு லேசாகச் சிரித்தது உறுத்திக்கொண்டிருந்தது. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மாசக் கடைசிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது செடிக்காரம்மா வந்தாள். ஊர் எல்லையில் செடிப் பண்ணை வைத்திருக்கிறவள். கணவர் இல்லை. ஆறு வயதில் ஒரே மகள், குருவி மாதிரி இருந்ததால் எல்லோரும் அவளைச் சிட்டு என்றே கூப்பிட்டார்கள். செடிக்காரம்மா நகக்கண்ணில் மண்ணோடு உட்கார்ந்து, இருபத்தோரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். மூணுதரம் நோட்டை மூடிவிட்டு, "நீங்க ஏதாவது கேக்கணும்னா கேளுங்கம்மா. மிருக டாக்டரை வச்சுப் பாக்கணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார்.

அவள் சிரித்தாள். "நான் எதுக்கு அண்ணா கேக்கணும்? இவ்வளவு கேக்கிற ஆளு ஒரு குறை இருந்தா மறைப்பீங்களா? உங்களைப் பாத்ததே போதும்."

மூணுதரத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பது அவர் அடிக்கடி சொல்வது. எதிர் வீட்டுக்காரர் பழைய ஸ்கூட்டரை விற்றபோது, அதன் எஞ்சின் போக்கு சரியில்லை என்று வாங்க வந்தவரிடம் தானாகப் போய்ச் சொல்லி, எதிர் வீட்டோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மனிதர் அவர்.

கடுகை வண்டியில் ஏற்றிய அன்று மகள் அழவில்லை. அதன் முன்மயிரை எப்போதும்போல இடது பக்கமாகச் சீவிவிட்டாள். சிட்டுவைத் தனியாகக் கூட்டிப்போய்க் குனிந்து காதோடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் சொன்னாள். சிட்டு கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். குழந்தைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன என்று பெரியவர்களுக்குச் சந்தோஷம்.

அதன்பிறகாவது நிம்மதியாக இருந்தாரா? தினமும் சாயங்காலம் செடிக்காரம்மாவுக்கு ஃபோன். தண்ணீர் குடித்ததா, கால் நொண்டுகிறதா, புது இடமாயிற்றே மிரள்கிறதா? நாலாம் நாள் அவள் சொன்னாள். "அண்ணா, குதிரை சாப்பிட்டுது, தூங்கிச்சு, சாணி போட்டுது. நாளைக்கும் போடும். அதை விடுங்க, என் பொண்ணுக்குத்தான் வயிறு சரியில்ல. ரெண்டு நாளா தட்டைத் தொட மாட்டேங்கிறா. டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லைங்கிறாரு." மூணுதரம் அதற்கும் நாலு வைத்தியம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லாயத்தைப் பிரிக்கப் போனார். அவரே கட்டின லாயம்தான். லிஃப்ட் இயந்திரங்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளின் பலகைகளை வாங்கிவந்து அடித்தது. சுத்தியலும் கடப்பாரையுமாக உள்ளே நுழைந்தவர், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் தொழிலில் ஒரு பாடம் உண்டு. லிஃப்ட் பெட்டி நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம். இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் பார்த்தால் போதும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இடிக்கிறது. தேய்மானம் பொய் சொல்லாது.

கடுகு தீனித்தொட்டியைப் பார்த்து நிற்கும் இடத்தில், இடது பக்கப் பலகை மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது. தோள் உயரத்தில் ஒரு பள்ளம், கன்னத்து உயரத்தில் இன்னொன்று. ஆணித் தலைகளில் கருப்பு மயிர் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. வலது பக்கப் பலகை நேற்று அடித்தது மாதிரி இருந்தது. தொட்டியைப் பார்த்தார். வலது பாதி நக்கி நக்கி வெளுத்திருந்தது. இடது மூலையில் பழைய வைக்கோல் அப்படியே கெட்டிப்பட்டு, பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தார்.

எட்டு மாதம் முன்னால் வேலை முடிந்து வந்து, கடுகைத் தட்டிக்கொடுக்க இடது பக்கமாகப் போனார். அது துள்ளி ஒரு உதை விட்டது. தொடை கருத்துப்போய்ப் பத்து நாள் நொண்டினார். தன் உடம்பில் அடித்த கிரீஸ் வாடைதான் அதற்குப் பிடிக்கவில்லை என்று தானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அன்று மகள் முகம் வெளுத்துப்போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னால், "அப்பா, வாளி மாட்டுற கொக்கியை இந்தப் பக்கம் மாத்திக் குடுங்க" என்று அவள் கேட்டாள். மாற்றிக் கொடுத்தது இந்தக் கைதான். பிறகு தூரிகைப் பலகை. பிறகு கதவின் தாழ்ப்பாள். ஒவ்வொன்றாக எல்லாமே வலது பக்கம் வந்துவிட்டது. அந்த முன்மயிர் வேறு! ஸ்டைல் என்றாளே, இடது கண்ணை மூடுகிற மாதிரி சீவிச் சீவி விட்டாளே.

கடுகுக்கு இடது கண் தெரியாது. வாங்க வந்தவர்களையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தன் குதிரையை ஒரு தரம் பார்த்தாரா? இல்லை. அந்தக் குதிரையைச் சுற்றி இப்போது ஆறு வயதுக் குழந்தை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் தொடையில் விழுந்த உதை அந்தக் குழந்தைக்கு எங்கே விழும்?

ஃபோன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் அடித்தார். மூன்றாம் தரமும் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி ஓடினார்.

"எங்க போறீங்க, சட்டைகூட மாத்தாம?" என்றாள் மனைவி.

"கடுகுக்கு இடது கண்ணு தெரியாதுடி. அங்க குழந்தை இருக்கு."

அவள் கேலி செய்யவில்லை. "போங்க. மெதுவா ஓட்டுங்க. நான் இங்கிருந்து ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றாள். வேன் தெருவில் இறங்கும்போது மகள் செருப்பில்லாமல் ஓடிவந்து முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அதை அவர் இரண்டு சிக்னல் தாண்டித்தான் கவனித்தார்.

"பாப்பா, கடுகுக்கு இடது கண்ணு..."

"தெரியும்ப்பா."

முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் ஹாரன் அடிக்கக்கூட மறந்துபோனார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒன்றரை வருஷமா. முதல்ல லேசா மங்கல் விழுந்துச்சு. அப்புறம் கையை ஆட்டினாக்கூட இமைக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

மகள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பவே மனைக்காரர், கட்டிடம் கட்டணும்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. என்னைக்காவது விக்கத்தான் போறோம்னு தெரியும். உங்ககிட்ட சொன்னா, வர்றவங்க எல்லார்கிட்டயும் நீங்க சொல்லிடுவீங்க."

"சொல்லாம?"

"அப்புறம் யாருப்பா வாங்குவா? அந்தத் தரகர்தான் வருவார்."

இத்தனை நாள் எதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினாரோ, அதையே எடுத்து அவள் அவர் மேல் போட்டுவிட்டாள். கோபம் வந்தது. அவள்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"அந்தக் குழந்தையை நினைச்சியா நீ?"

"சிட்டுகிட்ட எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். எந்தப் பக்கம் நிக்கணும், யாராவது அந்தப் பக்கம் வந்தா எப்படிச் சொல்லணும், எல்லாம்."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

மகள் சீட்டு ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிடித்து இழுத்தாள்.

"பாப்பா, உன்னைத்தான் கேக்கிறேன்."

"அம்மாகிட்ட சொல்லாதேன்னேன். சொன்னா கடுகைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னேன்."

அட கடவுளே என்று அவருக்கு வந்தது. ஒரு குதிரையின் உயிரும் ஒரு குடும்பத்தின் கையும் காலும் ஆறு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் லாரி நகர்ந்தது. அவர் வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் வேனை ஓட்டினார்.

செடிப் பண்ணையின் கதவு திறந்தே இருந்தது. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே தொட்டிகள் வரிசை வரிசையாக. எங்கேயோ குழாய் திறந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மேஜைமேல் செடிக்காரம்மாவின் ஃபோன் தனியாக அடித்துக்கொண்டு கிடந்தது. அடிப்பது இவர் மனைவிதான். பந்தலைத் தாண்டி வேலி போட்ட புல்வெளி. அங்கே கடுகின் வலது பக்கத்தில் நின்று சிட்டு அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை முழுசாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சு உடனே நின்றும் போயிற்று. வேலியின் மறுகோடியிலிருந்து செடிக்காரம்மா எருக்கூடை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஈர மண், ரப்பர் செருப்பு, சத்தமே இல்லை. நேராகக் கடுகின் இடது பக்கமாக, பின்னங்காலை ஒட்டினாற்போல வந்துகொண்டிருந்தாள்.

மகள் அவர் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் லிஃப்ட் குழிக்குள் ஆள் நிற்கும்போது மேலேயிருந்து கத்தக் கூடாது என்று இருபத்து நாலு வருஷமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். கத்தினால் குதிரைதான் முதலில் துள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சிட்டு அம்மாவைப் பார்த்துவிட்டாள். தேய்ப்பதை நிறுத்தி, கடுகின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். "கடுகு, அந்தப் பக்கம் ஆள் வருது. அம்மாதான் வர்றாங்க" என்று ராகம் போட்டுச் சொன்னாள். கடுகு காதைத் திருப்பியது. பிறகு கழுத்தை முழுசாக வளைத்து, வலது கண்ணால் செடிக்காரம்மாவைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சாதாரணமாகப் புல்லுக்குக் குனிந்தது. தள்ளுவண்டி அதன் காலுக்கு ஒரு முழத்தில் கடந்து போயிற்று.

செடிக்காரம்மா இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க, வாங்க. ஃபோன்ல கேக்கிறது போதலைன்னு நேர்லயே வந்துட்டீங்களா? இவ கூத்தைப் பாத்தீங்களா? யாரு வந்தாலும் அதுக்கு அறிவிப்பு குடுக்கிறா. ரயில்வே ஸ்டேஷன் தோத்துது."

சிட்டு சிரிக்கவில்லை. மூணுதரத்தின் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது.

மகளும் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது? புல் இருக்கிறது, நிழல் இருக்கிறது, குழந்தை பழகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் கடுகுக்கு வீடு நிலைத்துவிடும். அவருக்கும் அந்த ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். தொண்டையைச் செருமினார். இன்னொரு தரம் செருமினார்.

"அம்மா, கடுகுக்கு இடது கண்ணு தெரியாது. இன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அந்தப் பக்கமா தெரியாம யாராவது போனா உதைக்கும். நானே ஒரு உதை வாங்கியிருக்கேன். அதுக்காகத்தான் ஓடிவந்தேன்."

செடிக்காரம்மா தள்ளுவண்டியைக் கீழே இறக்கினாள். குதிரையைப் பார்த்தாள், தான் நடந்து வந்த தடத்தைப் பார்த்தாள். "இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். குரலில் 'அண்ணா' இல்லை.

"அப்பாவுக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள் மகள். "எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் மறைச்சேன். சிட்டுவுக்கும் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

செடிக்காரம்மா திரும்பிக் குழந்தையைப் பார்த்ததுதான் தாமதம். சிட்டுவின் உதடு பிதுங்கியது. "நான் சொல்லலம்மா. அவங்களேதான் சொன்னாங்க. கடுகைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்குத்தான் வயித்து வலியா? இதுக்குத்தான் சாப்பிடாம கிடந்தியா?"

தோளில் இருந்த தலை மேலும் கீழும் அசைந்தது.

செடிக்காரம்மா மூணுதரத்தின் மகளைப் பார்த்தாள். கத்தவில்லை. "குதிரைக்கு ஒரு கண்ணு போச்சுன்னா போகட்டும்மா. அதுக்கு நான் உன்மேல கோபப்பட மாட்டேன். பச்சைப் புள்ளை மடியில நெருப்பைக் கட்டி விட்டுட்டுப் போயிருக்கியே. பெத்தவகிட்ட சொல்லாதேன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

மூணுதரத்துக்கு அதற்குமேல் செடிக்காரம்மா பேசியது காதில் விழவில்லை. வயித்து வலி. தட்டைத் தொடுவதில்லை. டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார். எட்டு நாளில் இந்தக் குழந்தைக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. தன் வீட்டுப் பெண் ஒன்றரை வருஷமாகத் தட்டைக் கிளறிவிட்டு எழுந்திருக்கிறாள். பூச்சி மருந்து, ஸ்கேன், பரீட்சை பயம். லிஃப்ட் தண்டவாளத்தில் தேய்மானம் பார்க்கத் தெரிந்தவர், தன் முன்னால் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. அவள் யாருக்குப் பயந்தாள்? தரகருக்குப் பயந்தாள். அதைவிட அப்பாவின் நாக்குக்குப் பயந்தாள். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செடிக்காரம்மா குழந்தையை இறக்கிவிட்டு முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். பிறகு மூணுதரத்தின் மகளிடம் வந்தாள். "உங்கப்பா என்கிட்ட இருபத்தோரு கேள்வி கேட்டாரு. நான் உங்ககிட்ட ஒண்ணுகூடக் கேக்கல, அது என் தப்பு. இப்பக் கேக்கிறேன். வேற ஏதாவது மறைச்சு வச்சிருக்கியா?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "இடி இடிச்சா பயப்படும். பக்கத்துல ரேடியோ போட்டு விடணும்."

"அப்புறம்?"

"கொடியில துணி காயப்போட்டா திங்கும்."

"அது எனக்கே தெரிஞ்சுபோச்சு, ரெண்டு தலையணை உறை போச்சு. அப்புறம்?"

"அவ்வளவுதான். சத்தியமா."

செடிக்காரம்மா கடுகின் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், அதன் முன்மயிரை ஒதுக்கி அந்தக் கண்ணைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு டாக்டரை வரச்சொல்லிக் காட்டுறேன். அவர் பாத்துச் சொல்றவரைக்கும் சிட்டு தனியா இதுகிட்ட வரக் கூடாது. நான் கூட இருந்தா வரலாம்" என்றாள். சிட்டுவைப் பார்த்து, "கடுகு எங்கயும் போகல. இங்கதான் இருக்கும். இனிமே நான் அந்தப் பக்கம் வந்தா நானே வாயைத் திறந்து சொல்லிட்டு வர்றேன், போதுமா?" என்றாள்.

புறப்படும்போது மகள் கடுகைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. சிட்டுவுக்கு முன்னால் மண்டியிட்டு, "நான் சொன்னது தப்பு. அம்மாகிட்ட எல்லாம் சொல்லலாம்" என்றாள். சிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு நாளும் மறக்காமச் சொன்னேன்" என்றாள், கடுகிடம் அறிவிப்பு கொடுத்ததைத்தான்.

வேன் திரும்பி வந்த வழியே போயிற்று. அவசரம் இல்லாததால் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. மூன்றாவதில் மூணுதரம் கேட்டார்.

"என்கிட்ட சொல்ல அவ்வளவு பயமா?"

"ம்."

"நீ சொல்லியிருந்தா நான் வர்றவங்ககிட்ட சொல்லியிருப்பேன். அது நிஜம்தான். இனிமேலும் சொல்லுவேன்னுதான் நினைக்கிறேன், பாப்பா. என்னால முடியாது." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா அதுக்கு முன்னாடி உன் பக்கத்துல உக்காந்து கேட்டிருப்பேன். என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் யோசிச்சிருப்போம். நீ தனியா இருந்திருக்க மாட்ட."

இன்னும் ஒரு தெரு போயிற்று, அதற்கடுத்த தெருவும் போயிற்று. அவள் இருக்கையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்பா, பசிக்குது."

மூணுதரம் திரும்பிக் கேட்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. முதலில் கண்ணில் பட்ட பேக்கரிக்கு முன்னால் வேனை ஓரம் கட்டினார். மூன்று பன் வாங்கிவந்தார், ஆளுக்கு ஒன்று, வீட்டில் இருக்கிறவளுக்கு ஒன்று என்று கணக்கு. மகள் தன்னுடையதைத் தின்றாள், அவருடையதைத் தின்றாள். பிறகு அம்மாவுடையதையும் பிரித்தாள்.